கடவுளுக்குக் காவலர் தேவையா?



நாம் உயிராய் நேசிக்கும் ஒன்றைப் பிறர் ஏளனம் செய்யும்போது நமக்கு வலிக்கிறது. அன்னை மரியாவைப் பற்றி ஒருவர் தரக்குறைவாகப் பேசும்போதும், நற்கருணையை ஒரு திரைப்படம் கேலிப்பொருளாகக் காட்டும்போதும் நம் உள்ளம் கொதிக்கிறது. "இப்படிப்பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட ஒரு சட்டம் இல்லையா?" என்று ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில் பேசிக்கொள்கிறோம். அன்பியக் கூட்டங்களிலும் இதே கேள்வி எழுகிறது.

கேள்வி இயல்பானதே. ஆனால் பதில் சொல்லும் முன், கடவுளின் பெயரைக் காக்கவென்று கடுமையான சட்டம் இயற்றிய ஒரு நாட்டில், நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கத் தாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை நினைத்துப் பார்ப்போம்.

ஒரு குவளைத் தண்ணீர்

பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில், ஷேக்குபுரா மாவட்டத்தைச் சேர்ந்த இத்தன்வாலி என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ஆசியா பீபி. வயல்வெளியில் கூலி வேலை செய்த ஏழைப் பெண், பிள்ளைகளின் தாய். 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கடும் வெயிலில் மற்றப் பெண்களோடு பழம் பறித்துக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீர் கொண்டுவந்தார். கிறிஸ்தவப் பெண் தொட்ட பாத்திரத்தில் நாங்கள் குடிக்கமாட்டோம் என்று உடன் வேலை செய்தவர்கள் மறுத்தனர். வாய்த்தகராறு மூண்டது. சில நாள்கள் கழித்து, அவர் இறைவாக்கினர் முகமதுவை இழிவாகப் பேசினார் என்ற புகார் காவல் நிலையத்திற்குப் போனது.

இந்தக் காட்சி நமக்குப் புரியாததல்ல. பஞ்சாப் கிறிஸ்தவர்களுள் பெரும்பாலோரின் முன்னோர், சாதி அடுக்கில் கடையராய்த் தள்ளப்பட்டுத் துப்புரவுத் தொழிலில் வைக்கப்பட்டிருந்த மக்கள். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்த தமிழகத்தினருக்கு, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொடங்கிய இந்த வழக்கின் வேர் எங்கே இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

2010 நவம்பரில் கீழ் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2014 அக்டோபரில் லாகூர் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018 அக்டோபர் 31 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. சாட்சிகளின் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்றும், ஆத்திரம் கொண்ட கூட்டத்தின் நடுவே நிறுத்திப் பெறப்பட்ட ஒப்புதலை ஏற்க முடியாது என்றும் நீதிபதிகள் கூறினர். தீர்ப்பு வந்தவுடன் நாடெங்கும் மறியல் வெடித்தது. 2019 மே மாதத்தில் அவர் கனடா நாட்டுக்குச் சென்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலாது.

சட்டம் வளர்ந்த விதம்

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? அதன் வேர் நமது நாட்டுச் சட்டத்தின் வேரேதான். 1860-இல் ஆங்கிலேய அரசு இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், வழிபாட்டு இடங்களைச் சேதப்படுத்துவதையும் வழிபாட்டைக் குலைப்பதையும் தண்டிக்கும் பிரிவுகள் இருந்தன. பின்னர், 1920-களில் லாகூரில் முகமது நபியைப் பற்றி ஏளனமாக எழுதப்பட்ட ஒரு சிறுநூல் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. அதன் பதிப்பாளர் அன்றைய சட்டப்படி குற்றவாளி அல்லர் என்று 1927-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதன் விளைவாக, ஒரு சமயத்தை வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது. அப்பதிப்பாளர் 1929-இல் குத்திக் கொல்லப்பட்டார் என்பதும் வரலாறு.

அந்த மசோதா விவாதிக்கப்பட்டபோது, பின்னாளில் பாகிஸ்தானை நிறுவிய முகமது அலி ஜின்னா ஓர் எச்சரிக்கை விடுத்தார். சமயங்களை ஆராய்வோரும் நேர்மையாக விமர்சிப்போரும் இச்சட்டத்தால் பாதிக்கப்படக் கூடாது என்பதே அது. அவர் நிறுவிய நாடே அந்த எச்சரிக்கையைப் பிற்காலத்தில் மறந்துபோனது.

1947-க்குப் பின் இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளும் இதே சட்டத்தைத் தொடர்ந்தன. இந்தியாவில் 1957-இல் உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்யப்படும் கடுமையான அவமதிப்பை மட்டுமே இப்பிரிவு தண்டிக்கிறது என்று விளக்கியது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக நீடிக்கிறது. பாகிஸ்தானிலோ ஜெனரல் ஜியாவுல் ஹக் ஆட்சியில் 1982-இல் 295-பி, 1986-இல் 295-சி ஆகிய பிரிவுகள் சேர்ந்தன. இறைவாக்கினரை அவமதித்தால் மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்றது 295-சி. தீய நோக்கம் இருந்ததாக மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 1990-இல் அந்நாட்டு ஷரியத் நீதிமன்றம் மரணமே உரிய தண்டனை என்று தீர்ப்பளித்தது.

இவ்வாறு, அமைதியைக் காப்பதற்கென வந்த சட்டம், அறுபது ஆண்டுகளில் தூக்குக் கயிறாக மாறியது. சட்டத்தைக் கடுமையாக்கினால் அவமதிப்பு குறையும் என்று எண்ணினார்கள். ஆனால் குற்றச்சாட்டுகள்தாம் பெருகின. நிலத் தகராறும், கடன் தகராறும், அண்டை வீட்டுப் பகையும் சமயத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டு நீதிமன்றத்திற்கு வந்தன. குற்றம் சாட்டப்பட்டோரில் முஸ்லிம்களும் மிகப் பலர். 2017-இல் மர்தான் நகரில் ஒரு முஸ்லிம் மாணவரைச் சக மாணவர்களே அடித்துக் கொன்றனர். 2021-இல் சியால்கோட் நகரில், இலங்கையைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலை மேலாளரைக் கூட்டம் கொன்று எரித்தது. 2023 ஆகஸ்டில் ஜரான்வாலா நகரில், ஒரு குற்றச்சாட்டைக் கேட்டுத் திரண்ட கூட்டம் இருபதுக்கும் மேற்பட்ட ஆலயங்களையும் கிறிஸ்தவர்களின் வீடுகளையும் தாக்கியது.

இருவர் சிந்திய இரத்தம்

இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று குரல் கொடுத்த இருவரை நாம் மறக்கக் கூடாது. ஒருவர் பஞ்சாப் மாநில ஆளுநர் சல்மான் தசீர். முஸ்லிமான அவர், சிறையில் இருந்த ஆசியா பீபியைச் சென்று சந்தித்து அவருக்காகப் பரிந்து பேசினார். 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையாளி நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது வழக்கறிஞர்கள் சிலர் அவர்மீது மலர் தூவினர்.

மற்றவர் சிறுபான்மையினர் நலத்துறை மத்திய அமைச்சர் ஷாபாஸ் பட்டி; கத்தோலிக்கர். தமக்கு என்ன நேரும் என்பதை அறிந்தே அவர் பணியைத் தொடர்ந்தார். 2011 மார்ச் 2 அன்று இஸ்லாமாபாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 42. அவர் பயன்படுத்திய திருவிவிலியம் உரோமையில் புனித பர்த்தலமேயு ஆலயத்தில், நமது காலத்து மறைசாட்சிகளின் நினைவுப் பொருள்களோடு வைக்கப்பட்டுள்ளது.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் ஆசியா பீபியின் விடுதலைக்காக வேண்டுகோள் விடுத்தார். 2011 ஜனவரியில் வத்திக்கானுக்கான தூதர்களிடம் பேசுகையில், அந்தச் சட்டத்தை நீக்குமாறு பாகிஸ்தான் தலைவர்களைக் கேட்டுக்கொண்டார். ஆசியா பீபிக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞரும் ஒரு முஸ்லிமே. விடுவித்த நீதிபதிகளும் முஸ்லிம்களே. எனவே இது இரு சமயங்களுக்கு இடையிலான சண்டை அன்று. கடவுளின் பெயரால் மனிதரைக் கொல்லலாமா என்பதே இதில் உள்ள கேள்வி.

நமது பக்கம் திரும்பிப் பார்ப்போம்

பாகிஸ்தானில் நம் சகோதரி சிறையில் இருந்தபோது அச்சட்டத்தை எதிர்த்து மன்றாடினோம். அதே ஆண்டுகளில் நம் நாட்டில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

2012-இல் மும்பையில் ஓர் ஆலயத்தின் பாடுபட்ட சுரூபத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டு வந்து அந்நீரைச் சேகரித்தனர். சனல் எடமருகு என்ற பகுத்தறிவாளர் அவ்விடத்தைப் பார்வையிட்டு, அடைபட்ட கழிவுநீர்க் குழாயிலிருந்து சுவர் வழியாக நீர் ஏறிச் சொட்டுகிறது என்று விளக்கினார். தொலைக்காட்சி விவாதத்தில் திருச்சபையைக் கடுமையாகவும் சாடினார். உடனே கத்தோலிக்கர் சிலர் 295-ஏ பிரிவின்கீழ் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தனர். அவர் நாட்டை விட்டு வெளியேறிப் பின்லாந்துக்குச் சென்றார்.

திருச்சபை அந்நிகழ்வைப் புதுமை என்று அறிவித்திருக்கவில்லை. புதுமைகளை ஆராய்வதில் திருச்சபையைவிடக் கண்டிப்பானவர் இலர். லூர்து திருத்தலத்தில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்குகிறது. நம்பிக்கையற்ற மருத்துவரும் அங்கே வந்து ஆராயலாம். குணமடைந்ததாக அங்கே சொல்லப்பட்ட 7,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் புதுமை என ஏற்கப்பட்டவை 70-ஐச் சற்றே தாண்டியவை. இவ்வளவு கவனமாக உண்மையைத் தேடும் ஒரு திருச்சபையின் மக்களாகிய நாம், குழாய் அடைப்பைச் சுட்டிக்காட்டிய ஒருவருக்கு எதிராகக் காவல் நிலையம் போகத்தான் வேண்டுமா? அவருடைய சொற்கள் கடுமையானவையாகவே இருக்கட்டும். அவர் சொன்னது உண்மையா என்று பார்ப்பதல்லவா நம் முதல் கடமை?

2006-இல் 'தி டா வின்சி கோட்' திரைப்படம் வந்தபோதும் கிறிஸ்தவ அமைப்புகள் சில தடை கேட்டன. தமிழக அரசு தடை விதித்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. அந்தப் படத்தால் எவருடைய விசுவாசமும் அழிந்துவிடவில்லை. மாறாக, நற்செய்தி நூல்கள் எப்போது, எப்படி எழுதப்பட்டன என்று பல இளைஞர் முதன்முறையாகக் கேட்கத் தொடங்கினர். பதில் சொல்ல நாம் அணியமாக இருந்தோமா என்பதே நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். நாம் பிறர்மீது எறியும் கல் நம்மீதும் விழும். 2021-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்கக் குரு ஒருவர் ஒரு கூட்டத்தில் பேசியதற்காக இதே 295-ஏ பிரிவின்கீழும் வழக்குப் பதிவாகி, அவர் கைதானார். அவருடைய சொற்கள் சில பிறர் மனத்தைப் புண்படுத்தின. அவரும் வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு கேட்டபின் ஒரு சொல்லுக்காக ஒருவரைச் சிறையில் வைக்கலாமா என்று அன்று நாம் வருந்தினோம். அந்த வருத்தம் நியாயமானது என்றால், மும்பைப் பகுத்தறிவாளருக்கும் அதே அளவுகோல்தானே?

ஆண்டவரே இக்குற்றத்திற்கு ஆளானவர்

நமது விசுவாசத்தின் நடுவில் நிற்பதே ஓர் இறைநிந்தனை வழக்குதான். தலைமைக் குரு தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு, இயேசு கடவுளைப் பழித்துவிட்டார் என்று அறிவித்தார். கூடியிருந்தோர் அவர் சாவுக்குரியவர் என்றனர் (மாற் 14:61-64). முடக்குவாதமுற்றவரின் பாவங்களை மன்னித்தபோதும் அவர்மீது அதே குற்றச்சாட்டுதான் எழுந்தது (மாற் 2:7). ஸ்தேவானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சிகளை நிறுத்தியவர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினர் (திப 6:11-13). அவர்களுக்கு முன்பே, ஆலயத்தின் அழிவை முன்னறிவித்த எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று குருக்கள் கூச்சலிட்டனர் (எரே 26:8-11). நீதி இல்லாத திருவிழாக்களைக் கடவுள் வெறுக்கிறார் என்று ஆமோஸ் துணிந்து சொன்னார் (ஆமோ 5:21-24). சமயத்தை விமர்சிக்கும் குரல் விவிலியத்திற்கு அந்நியமானதன்று. இறைவாக்கினரின் குரலே அது.

அவமதிக்கப்பட்டபோது இயேசு என்ன செய்தார்? சமாரியர் தங்களை ஏற்க மறுத்ததால் வானத்திலிருந்து தீயை வரவழைக்கலாமா என்று சீடர்கள் கேட்டபோது அவர்களைக் கடிந்துகொண்டார் (லூக் 9:51-55). தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலரிடம், தாம் பேசியதில் தவறு என்ன என்று காட்டும்படி கேட்டார் (யோவா 18:23). அறைந்தவனைத் திருப்பி அறையவில்லை. அதே வேளையில் உண்மையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பாவமும் குற்றமும்

அப்படியானால் கடவுளைப் பழித்துரைப்பது தவறில்லையா? தவறுதான். அது இரண்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2148) கற்பிக்கிறது. ஆனால் அதே பத்தி மற்றொன்றையும் சொல்கிறது. குற்றச்செயல்களை மறைக்கவும், மக்களை அடிமைப்படுத்தவும், சித்திரவதை செய்யவும், கொல்லவும் கடவுளின் பெயரைப் பயன்படுத்துவதும் இறைநிந்தனையே. எனவே ஜரான்வாலாவில் கடவுளைப் பழித்தவர்கள் யார் என்று நாம் சரியாகக் கேட்க வேண்டும்.

பாவங்கள் எல்லாம் காவல்துறை விசாரிக்க வேண்டிய குற்றங்கள் ஆகிவிடுவதில்லை. பொறாமையும் செருக்கும் பாவங்களே. அவற்றுக்காக எவரையும் நாம் சிறைக்கு அனுப்புவதில்லை. 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திர ஏடு, உண்மை தன் சொந்த ஆற்றலால்தான் மனித உள்ளத்தை வெல்ல வேண்டும், வற்புறுத்தலால் அன்று எனக் கற்பித்தது. முற்காலத்தில் உண்மையைக் காப்பதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்டதற்காகத் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார்.

அதே வேளையில், பேச்சுரிமைக்கு எல்லையே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. நமது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவும் நியாயமான வரம்புகளை ஏற்கிறது. ஒரு கோட்பாட்டை மறுப்பது வேறு. அதை நம்பும் மக்களைத் தாக்கும்படி தூண்டுவது வேறு. 2008-இல் கந்தமாலில் நடந்ததைக் கண்ட நாம் இந்த வேறுபாட்டை நன்கு அறிவோம். வன்முறையைத் தூண்டுவோரைச் சட்டம் தடுத்தே ஆக வேண்டும். அச்சட்டம் காப்பது மனிதரின் உயிரை. கடவுள் தம்மைக் காத்துக்கொள்ள நம் சட்டத்தை நாடுவதில்லை.

சட்டம் அனுமதிப்பதையெல்லாம் அன்பு அனுமதிப்பதில்லை என்பதும் உண்மை. 2015 ஜனவரியில் பாரிசில் சார்லி எப்தோ இதழின் அலுவலகத்தில் 12 பேர் கொல்லப்பட்ட சில நாள்களில், இலங்கையிலிருந்து பிலிப்பீன்சுக்குச் செல்லும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் இதைப் பற்றிப் பேசினார். கடவுளின் பெயரால் கொல்வது நெறிபிறழ்ந்த செயல் என்றார். பிறரின் நம்பிக்கையை எள்ளி நகையாடக் கூடாது என்றும் சொன்னார். இந்த அறிவுரை முதலில் நமக்கே உரியது. நமது செபக்கூட்டங்களில் அண்டை வீட்டாரின் தெய்வங்களைப் பேய்கள் என்று ஒலிபெருக்கியில் அழைப்பவர்கள் உண்டு. அதைக் கேட்டு "ஆமென்" சொல்லிவிட்டு, நம்மைப் பற்றிப் பிறர் பேசும்போது மட்டும் மனம் புண்பட்டதாகச் சொல்வது நேர்மையாகாது.

விமர்சனம் தரும் நன்மை

நம்மை விமர்சித்தவர்களால் நாம் அடைந்த நன்மையையும் ஒப்புக்கொள்வோம். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நாளிதழ் ஒன்று, சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய குருக்கள் இடம் மாற்றி இடம் மாற்றிப் பாதுகாக்கப்பட்டதை வெளியிட்டது. அது திருச்சபையை அழிக்கும் முயற்சி என்று அன்று பலர் கருதினர். ஆண்டு முடிவதற்குள் அந்நகரின் கர்தினால் பதவி விலகினார். பிள்ளைகளைக் காக்கும் விதிமுறைகள் பல நாடுகளில் உருவாயின. 2018 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், இக்கொடுமைகளை நேர்மையோடு வெளிக்கொணர்ந்த ஊடகத்தினருக்கு நன்றி கூறினார். சமயத்தை விமர்சிப்பதே குற்றம் என்ற சட்டம் அங்கே இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளின் அழுகுரல் யார் காதிலும் விழுந்திருக்காது.

நாம் செய்யத்தக்கவை

அடுத்த முறை நமது விசுவாசத்தை ஒருவர் சாடும்போது, முதலில் அவர் சொல்வதில் உண்மை உண்டா என்று பார்ப்போம். உண்மை இருந்தால் நம்மைத் திருத்திக்கொள்வோம். பொய்யானால், புனித பேதுரு அறிவுறுத்துவதுபோல் பணிவோடும் மரியாதையோடும் விளக்கம் தருவோம் (1 பேது 3:15-16). விளக்கம் தர இயலாதபடி நமக்கு மறைக்கல்வி குறைவாக இருந்தால், அக்குறையைப் போக்கப் பங்கில் வழி தேடுவோம். வெறும் ஏளனம் என்றால், மன்னித்து அவருக்காக மன்றாடுவோம். மானிட மகனுக்கு எதிராகப் பேசுவோரும் மன்னிப்புப் பெறுவர் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத் 12:32).

கல்வாரியில், சிலுவையின் கீழே நின்று ஏளனம் செய்தவர்களை வானதூதரின் படைகள் வந்து தண்டிக்கவில்லை. தந்தையிடம் அவர்களுக்காக மன்னிப்புக் கேட்டவாறே ஆண்டவர் உயிர்விட்டார். அவர் மாண்பு அன்று குறையவில்லை. அன்றுதான் நூற்றுவர் தலைவர் அவரைக் கண்டுகொண்டார்.

நமது சிந்தனைக்கு:

பிறர் நமது விசுவாசத்தைக் குறைகூறும்போது நம்மில் எழுவது ஆண்டவர்மீதான அன்பா, நமது சமூகத்தின் தன்மானமா?

பிற சமயத்தாரைப் பற்றி நம் இல்லங்களில் நாம் பேசுவதை அவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

இறைவா, உமது பெயரால் சிறையிலும் அச்சத்திலும் வாடும் எளியோரைக் கண்ணோக்கியருளும். உம்மைக் காப்பதாக எண்ணி உம் பிள்ளைகளைக் காயப்படுத்தும் தவற்றிலிருந்து எங்களைக் காத்தருளும். உண்மையை அன்போடு பேசவும், கசப்பான உண்மையைப் பொறுமையோடு கேட்கவும் எங்களுக்கு வரம் தாரும். ஆமென்.